நன்றாகப் படிக்கும் மாணவியும் காப்பி அடிப்பது ஏன்?

கேள்வி:
ஒன்பதாம் வகுப்புக்குக் கணிதம் கற்பிக்கிறேன். சென்ற வாரத் தேர்வில் ஒரு மாணவி பக்கத்திலிருந்தவளின் விடைத்தாளைப் பார்த்து எழுதுவதைக் கண்டேன். அவள் தானாக எழுதியிருந்தாலும் 70 மதிப்பெண்ணுக்குக் குறையாமல் எடுத்திருப்பாள். காரணம் கேட்டபோது, "எழுபது எடுத்தால் வீட்டுக்குப் போக முடியாது, மிஸ்" என்று சொல்லி அழுதாள். தண்டிக்கவும் மனம் வரவில்லை, கண்டும் காணாமல் விடவும் முடியவில்லை. இது அவள் குணத்தின் குறையா? இனி நடக்காமல் தடுப்பது எப்படி?

மறுமொழி 1:
குணத்தின் குறை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். ஹார்ட்ஷோர்ன், மே என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் சுமார் 11,000 பள்ளிப் பிள்ளைகளைப் பலவகைச் சூழல்களில் சோதித்து, 1928இல் முடிவுகளை வெளியிட்டனர். ஓரிடத்தில் ஏமாற்றிய பிள்ளை இன்னோரிடத்தில் நேர்மையாக நடந்துகொண்டது. நேர்மையைப் பற்றி நன்றாகத் தெரிந்திருப்பதற்கும் அப்படி நடப்பதற்கும் நெருங்கிய தொடர்பு இருக்கவில்லை. அறிவுரை வகுப்புகளால் மட்டும் காப்பி அடிப்பது நிற்காததற்குக் காரணம் இதுவே என்று கருதுகிறேன். பார்த்து எழுதும் வாய்ப்பும், குறைந்த மதிப்பெண் பற்றிய அச்சமும் ஒரே நேரத்தில் வந்து சேர்ந்தால், நல்ல பிள்ளையும் தடுமாறும்.

மறுமொழி 2:
முப்பது ஆண்டுகள் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். தொடக்கத்தில் இருக்கைகளைத் தள்ளிப் போட்டேன், இருவகை வினாத்தாள் கொடுத்தேன், சட்டைப்பையைக்கூடச் சோதித்தேன். கடைசியாகச் சொன்னதை நினைத்தால் இன்றும் வருத்தமாக இருக்கிறது. நேர்மையாக எழுத வந்த பிள்ளைகளையும் அது குற்றவாளிகளாக நிறுத்தியது.

உண்மையில் பயன் தந்தது வேறு. ஒரே பெரிய தேர்வில் எல்லாவற்றையும் தொங்கவிடாமல், வாரந்தோறும் பத்து நிமிடச் சிறுதேர்வுகளை, மதிப்பெண் பதிவேட்டில் ஏற்றாமல் நடத்தினேன். ஒரு பகுதியைத் திரும்பத் திரும்பப் படிப்பதைவிட, படித்ததை நினைவிலிருந்து எழுதிப் பார்ப்பதே ஒரு வாரம் கழித்தும் நன்றாக நிற்கும் என்று 2006இல் ரோடிகர், கார்ப்பிக் என்ற இரு உளவியல் ஆய்வாளர்கள் காட்டியதைப் பின்னாளில் படித்தபோது மனம் நிறைந்தது. வினாக்களையும் மாற்றினேன்: தவறாகச் செய்யப்பட்ட ஒரு கணக்கைக் கொடுத்து, எந்த வரியில் பிழை நேர்ந்தது, ஏன் நேர்ந்தது என்று சொந்தச் சொற்களில் எழுதச் சொன்னால், பக்கத்துத் தாளை எட்டிப் பார்ப்பதால் அதிகம் கிடைப்பதில்லை.

மறுமொழி 3:
மேலே சொன்னவை சரியே. ஆனால் அந்த வகுப்பில் பார்க்காமல் எழுதி 60 வாங்கிய பிள்ளைகளையும் நினையுங்கள். பார்த்து எழுதிய மதிப்பெண்ணை அப்படியே விட்டால், நேர்மை வீண் என்று அவர்கள் கற்றுக்கொள்வார்கள். அந்த விடைகளை நீக்கிவிட்டு, தனியாக மறுதேர்வு வையுங்கள். எல்லார் முன்னிலையிலும் அவமானப்படுத்த வேண்டாம். பெற்றோரிடம் பேசும்போது முதலில் மதிப்பெண்ணைப் பற்றியல்ல, அவள் வீட்டுக்கு வர அஞ்சியதைப் பற்றிச் சொல்லுங்கள்.

கேள்வி கேட்டவர்:
மூவருக்கும் நன்றி. திங்கட்கிழமை மறுதேர்வு வைக்கிறேன். அவள் தாயையும் அன்று மாலை வரச் சொல்லியிருக்கிறேன். பிழையைக் கண்டுபிடிக்கும் வினாக்கள் சிலவற்றை இன்றே எழுதத் தொடங்கிவிட்டேன்.