நாயோடு சேர்த்துக் குழந்தைகளுக்கு மனநல சிகிச்சை தருபவர்களைத் தெரியுமா?

வணக்கம் உறவுகளே. நாங்கள் பாம்பன். படகு கவிழ்ந்து மச்சான் பிழைத்து வந்ததிலிருந்து அக்கா மகன் யாரிடமும் வாய் திறப்பதில்லை. எட்டு வயதுதான். மருத்துவரிடம் காட்டிக்கொண்டுதான் இருக்கிறோம். ஆனால் கரையில் கவிழ்த்துப் போட்ட வள்ளத்து நிழலில் படுக்கும் நாயிடம் மட்டும், அதன் காதில் ஒட்டிய மணலைத் தட்டிவிட்டபடி என்னென்னவோ பேசுகிறான்! அமெரிக்க உளவியலாளர் போரிஸ் லெவின்சன் 1960களிலேயே தன் நாய் ஜிங்கிள்ஸைப் பக்கத்தில் வைத்து, ஒதுங்கிப்போன குழந்தைகளுக்குச் சிகிச்சை தந்திருக்கிறார். அதற்காகத் தெருநாயை அப்படியே கூட்டிப்போக முடியாது. குணம் பார்த்துப் பழக்கி, வெறிநாய்த் தடுப்பூசி போட்ட நாய் வேண்டும், கூடவே குழந்தைகள் மனநலம் படித்தவரும் வேண்டும். ராமநாதபுரம், மதுரைப் பக்கம் யாராவது இருந்தால் சொல்லுங்கள். உங்கள் பிள்ளைக்குச் செய்து பார்த்திருந்தால் அந்த அனுபவத்தையும் அவசியம் எழுதுங்கள்.