பொருள்: 'விசைக்கூடம்' சரிவருமா? வெள்ளிக்குள் வேண்டும்

கிளிநொச்சியிலிருந்து:
வணக்கம். கம்மாலைத் தொழில் பழகும் பிள்ளைகளுக்கான பாதுகாப்புக் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. 'பவர் ஹாமர்' ஒன்றுதான் இன்னும் தமிழ்ப்பெயர் இல்லாமல் முழுசிக்கொண்டு நிற்கிறது. ஒருவர் குறட்டால் இரும்பைப் பிடித்தபடி காலால் மிதியை அழுத்த, மோட்டர் தூக்கி அடிக்கும். எதிரே நின்று சம்மட்டி ஓங்க ஆள் தேவையில்லை. விசைத்தறி போல 'விசைக்கூடம்' என்று வைத்திருக்கிறேன். புறநானூறு 170இல் 'விசைத்தெறி கூடம்' இருக்கிறதே, கூடம் என்றால் அங்கே சம்மட்டி.

மாங்குளத்திலிருந்து:
அருமை, தம்பி. ஆனால் அங்கே விசைத்து எறிபவன் கருங்கைக் கொல்லன். விசை அவன் தோளில் இருந்தது, மின்கம்பியில் இல்லை. 'எறி'யையும் கவனியும். அன்றைக்கு அடித்தல், இன்றைக்கு வீசுதல். குறள் 821இலும் 'எறிதற்குப் பட்டடை' என்று வருகிறது, அதுவும் கூடாநட்பில்! அது சரி, இரும்பை வைத்து அடிக்கிற பட்டடைக்கு என்ன பெயர் போட்டீர்? 'அடைகல்' என்றால் சண்டைக்கு வருவேன்.

ஒட்டுசுட்டானிலிருந்து:
ஐயா, கூடம் என்றால் எங்கள் பிள்ளைகளுக்கு ஆய்வுகூடம். 'விசைக்கூடத்தில் கை வைக்காதே' என்று எழுதினால் எந்த அறை என்று கேட்பார்கள். அப்பாவின் கம்மாலையில் ஒருநாள் சம்மட்டித் தலை கழன்று என் காதோரம் பறந்து, தண்ணீர்த் தொட்டியை உடைத்தது. பிடி ஆடுவதை மூன்று நாளாக எல்லோரும் கண்டதுதான். நாங்கள் சொல்வது 'மெசின் சம்மட்டி'. 'இயந்திரச் சம்மட்டி' என்று போடுங்கோ. அதிலும் விரல் அகப்பட்டால் போனதுதான், காதுக்கும் ஏதாவது அடைக்கவேண்டும். அதைப் பெரிய எழுத்தில் போடுங்கோ, பெயர் எப்படியும் இருக்கட்டும்.

மாங்குளத்திலிருந்து:
இயந்திரம் வடசொல். 'பொறிச்சம்மட்டி' எனலாமே.

ஒட்டுசுட்டானிலிருந்து:
கம்மாலையில் பொறி என்றால் தீப்பொறிதான் ஐயா. அது வேறு பறக்கும்.

வவுனியாவிலிருந்து:
பவர் ஹாமர் என்றே விட்டால் என்ன? கடையில் அப்படித்தான் கேட்டு வாங்குகிறார்கள்.

கிளிநொச்சியிலிருந்து:
இரவு பதினொன்றாகிவிட்டது. 'இயந்திரச் சம்மட்டி' என்றே போடுகிறேன். ஐயாவுக்காக முதலாம் பக்கத்தில் மட்டும் அடைப்புக்குறிக்குள் 'விசைக்கூடம்'.

மாங்குளத்திலிருந்து:
எனக்காக அடைப்புக்குறி வேண்டாம், தம்பி. போடுவதென்றால் வெளியே போடும், இல்லையென்றால் விடும். பட்டடைக்கு என்ன போட்டீர் என்று இன்னும் சொல்லவில்லை.