சர்ச் ஹெட் கிளஸ்டரில் தேடல்கள் ஒரே சர்வரில் குவிவது ஏன்?

தெம்பனிஸ்வாசி:
வணக்கம். எங்கள் வேலையிடத்தில், கணினிப் பதிவுகளில் (லாக்) தேட உதவும் ஸ்பிளங்க் மென்பொருளின் சர்ச் ஹெட் கிளஸ்டர் ஒன்றை, அதாவது பயனர்களின் தேடல்களை ஏற்று நடத்தும் சர்வர் குழுவை, மூன்று சர்வர்களில் நடத்துகிறோம். ஒவ்வொன்றிலும் 16 கோர். காலை 8 மணியானதும் இரண்டாவது சர்வரின் சிபியு 90 விழுக்காட்டைத் தாண்டுகிறது. மற்ற இரண்டும் பாதிச் சுமையைக்கூடத் தொடுவதில்லை. அதே நேரத்தில், குறித்த நேரத்தில் தானாக ஓடும்படி திட்டமிட்ட தேடல்கள் சில ஓடாமலேயே விடுபடுகின்றன. வேலையைப் பிரித்துக் கொடுப்பது கேப்டனின் (குழுவை வழிநடத்தும் உறுப்பினர் சர்வரின்) பொறுப்பு என்றால், ஓய்ந்திருக்கும் சர்வர்களுக்கு அது ஏன் அனுப்பவில்லை? நான்காவது சர்வர் வாங்கலாம் என்கிறார் மேலாளர்.

லாக்வாசகர்:
கேப்டன் பிரித்துக் கொடுப்பது திட்டமிட்ட தேடல்களை மட்டுமே. அவற்றை உறுப்பினர்களின் அப்போதைய சுமையைப் பார்த்து ஒப்படைக்கும். ஒருவர் உலாவியில் நுழைந்து தாமே தட்டும் தேடலோ, அவர் நுழைந்த சர்வரிலேயே ஓடி முடியும். ஆகவே முதலில், நுழையும் பயனர்களைச் சர்வர்களுக்குப் பங்கிட்டு அனுப்பும் லோட் பேலன்ஸரைப் பாருங்கள். ஒரு பயனரின் அமர்வு முழுவதும் ஒரே சர்வரில் நிலைத்திருக்க வேண்டும் என்பது உண்மைதான். ஆனால் அதை மூல ஐபி முகவரியை வைத்து அமைத்திருந்தால், அலுவலகத்தினர் அனைவரும் ஒரே பிராக்ஸி (இடைநிலை சர்வர்) வழியாக வரும்போது, லோட் பேலன்ஸருக்கு எல்லாரும் ஒரே ஆளாகத்தான் தெரிவார்கள். ஒவ்வொருவரின் உலாவியிலும் தனி அடையாளம் வைக்கும் குக்கி முறைக்கு மாற்றுங்கள்.

கிரான்காவலர்:
அது சர்வர் திணறுவதற்கான விளக்கம். தேடல்கள் விடுபடுவது வேறு கதை. ஒரே நேரத்தில் ஓடக்கூடிய தேடல்களின் இயல்பான வரம்பு, கோருக்கு ஒன்று வீதம் 16, அதனுடன் 6, ஆகச் சர்வருக்கு 22. அதில் பாதிதான் திட்டமிட்ட தேடல்களுக்கு. மூன்று சர்வர்களுக்கும் சேர்த்து 33. இந்த வரம்பு எண்ணிக்கையைப் பார்க்குமே தவிர, சிபியு சும்மா இருக்கிறதா என்று பார்க்காது. சர்வர் கடிகாரம் உலகப் பொது நேரமான யூடிசியில் இருந்தால், நள்ளிரவுக்கென்று எழுதிய அன்றாட அறிக்கைகள் அனைத்தும் சிங்கப்பூரில் சரியாகக் காலை 8 மணிக்குக் கிளம்பும். நிமிடங்களைப் பரப்பி வையுங்கள். அவசரமில்லாதவற்றுக்கு, சற்றுத் தாமதமாகத் தொடங்க இடம் தரும் ஷெட்யூல் விண்டோ கொடுங்கள்.

தெம்பனிஸ்வாசி:
இரண்டும் பொருந்துகின்றன: கடிகாரம் யூடிசி, லோட் பேலன்ஸரில் மூல ஐபி. கேப்டனைத் திட்டமிட்ட தேடல்களிலிருந்து விலக்கி வைத்தால் பயன் உண்டா?

லாக்வாசகர்:
மூன்றே உறுப்பினர்கள் உள்ள இடத்தில் நான் அதைச் செய்ய மாட்டேன். திட்டமிட்ட தேடல்களுக்கான உங்கள் மொத்த வரம்பு 33-இலிருந்து உடனே 22 ஆகிவிடும். நான்காவது சர்வரும் இப்போது வேண்டாம். தரவைத் தோண்டி எடுக்கும் கனமான வேலை, தரவைச் சேமித்து வைத்திருக்கும் இண்டெக்சர் சர்வர்களில்தான் நடக்கிறது. சர்ச் ஹெட் தேடலை அவற்றுக்கு அனுப்பி, திரும்பி வரும் விடைகளை ஒன்றுசேர்க்கிறது. இண்டெக்சர்களைக் கூட்டாமல் சர்ச் ஹெட்டை மட்டும் கூட்டினால் நெரிசல் அங்கே போய் நிற்கும். கேப்டன் தேர்தலுக்குப் பெரும்பான்மை தேவை என்பதால், நான்கு உறுப்பினர்கள் இருந்தாலும் மூன்றைப் போலவே ஒன்று விழுவதைத்தான் தாங்க முடியும். மேலாளர் பிடிவாதமாக இருந்தால் ஐந்தாகக் கேளுங்கள்.