ஸ்காலப் சிப்பியை முத்துப்பேட்டை லகூனில் வளர்க்கலாமா?

கேள்வி (அதிராம்பட்டினம்):
தம்பி ஜப்பானில் இருந்தவன். முட்சு விரிகுடாவில் ஸ்காலப்பை வலைக்கூடையில் தொங்கவிட்டு வளர்ப்பதைப் பார்த்திருக்கிறான். "நம்ம லகூன்லயும் செய்யலாம்ணே" என்கிறான். எனக்கு மட்டி பொறுக்கித்தான் பழக்கம். காசு போடலாமா?

பதில்:
வேண்டாம் அண்ணே. அது குளிர்கடல் சிப்பி. நம்ம தண்ணி வெயில் காலத்தில் 30 டிகிரியைத் தொடும். அதைவிடப் பெரிய சிக்கல் ஐப்பசி, கார்த்திகை. பாமணியாறும் கோரையாறும் வெள்ளத்தைக் கொட்டினால் உப்பு சட்டென்று இறங்கிவிடும். ஆளி (ஆய்ஸ்டர் சிப்பி) என்றால் ஓட்டை இறுக மூடிக்கொண்டு தாங்கும். ஸ்காலப்புக்கு அப்படி மூட வராது, செத்துப்போகும்.

இன்னொருவர்:
ஆனால் அருமையான உயிர்! இரண்டு ஓட்டையும் படபடவென்று அடித்து நீந்தும். விளிம்பில் 200 கண் வரை இருக்கும். நாம் சாப்பிடுவது ஓட்டை மூடும் அந்தத் தசையைத்தான்.

கேட்டவர்:
சரி, அப்போ ஆளியே வளர்க்கிறேன். அதுக்கு விதை, அதாவது குஞ்சு, எங்கே கிடைக்கும்?

பதில்:
காலி ஆளி ஓடுகளைக் கயிற்றில் கோத்து, குஞ்சு ஒட்டும் பருவத்தில் தொங்கவிடுங்கள். தூத்துக்குடியில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் செய்துகாட்டிய முறை இது. முதலில் பத்துக் கயிறு போதும் அண்ணே.