24 கண்ணியில் ஆரம்பித்த மப்ளர் 37 ஆகிவிட்டது. முதலில் வேறென்ன பின்னலாம்?

பாதிமப்ளர்:

எல்லாருக்கும் வணக்கம். ஊசி பிடிச்சு ஒன்றரை மாசம் ஆச்சு. நிட் (நேர்ப்பின்னல்) மட்டும்தான் தெரியும், பர்ல் (எதிர்ப்பின்னல்) இன்னும் கைக்கு வரலை. புதுசா கத்துக்கிறவங்களுக்கு மப்ளர்தான் சுலபம்னு சொன்னாங்க. சரின்னு 24 கண்ணி, அதான் ஊசியில ஏறுற நூல் வளையம், போட்டு உட்கார்ந்தேன். ஒரு முழம் வந்ததும் எண்ணிப் பார்த்தா 37. சத்தியமா நான் எதையும் சேர்க்கலை. நடுவுல ஓட்டையும் இல்லை. கீழே குறுகல், போகப்போக அகலம், அப்படியே முறம். பிரிச்சு மறுபடி போட்டேன், அப்பவும் 31 வரைக்கும் போச்சு. மூணாவது தடவை பிரிக்க மனசு வரலை, பைக்குள்ள சுருட்டி வச்சிட்டேன்.

ஊசி 5 மி.மீ., வழுவழுன்னு உலோகம். நூல் கருநீலம், முடி முடியா நீட்டிக்கிட்டு இருக்கும்.

சின்னதா, முடிக்கக்கூடியதா, தினம் கையில எடுக்கிறதா ஒண்ணு சொல்லுங்க. பொம்மையும் பூவும் வேண்டாம்.

ஊசிநுனி:

முறம் என்று படித்ததும் சிரித்துவிட்டேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். என்னுடையதும் அப்படித்தான் விரிந்தது. நான் எண்ணக்கூட இல்லை. பாதிக்கு மேல் போன பிறகு, கழுத்தில் சுற்றிப் பார்த்தபோதுதான் ஒரு முனை மட்டும் சால்வை ஆகியிருப்பது தெரிந்தது.

நடுவில் ஓட்டை இல்லை என்கிறீர்கள். அப்படியானால் தவறு ஒவ்வொரு வரிசையின் முதல் கண்ணியில் இருக்கிறது. ஒரு வரிசை முடிந்து ஊசியை இடக்கைக்கு மாற்றியதும் நூல் எந்தப் பக்கம் தொங்குகிறது என்று பாருங்கள். முன்னால் தொங்கும் நூலை ஊசியின் தலைக்கு மேலாகத் தூக்கிப் பின்னால் கொண்டுபோனால், கீழ்வரிசைக் கண்ணியும் கூடவே மேலே இழுபடும். அதன் இரண்டு காலும் ஊசிமேல் ஏறி, ஒரு கண்ணி இரண்டாகத் தெரியும். நீங்களும் இரண்டையும் தனித்தனியாகப் பின்னியிருப்பீர்கள். நூலைக் கீழ்நோக்கி லேசாக இழுத்து, ஊசிக்கு அடியில் பின்பக்கம் கொண்டுபோங்கள். அந்த இரட்டை உங்கள் கண்ணெதிரிலேயே ஒன்றாகிவிடும்.

கருநீல முடிநூலில் இதையெல்லாம் பார்க்கவே முடியாது. பிரித்தாலும் முடி ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். வெளிர் நிறத்தில், வழவழப்பான, நடுத்தரத் தடிமன் நூல் வாங்குங்கள். மூங்கில் ஊசி என்றால் கண்ணி சட்டென்று வழுக்கி இறங்காது.

அடுத்தது, மப்ளரை எளிது என்று சொல்பவர்களோடு எனக்குப் பழைய சண்டை. பின்னல் எளிதுதான், நீளம்தான் ஆளைக் கொல்லும். 24 கண்ணியில் ஒன்றரை மீட்டர் வேண்டுமென்றால் ஏறத்தாழ 500 வரிசை, 12,000 கண்ணி. புதுக்கை அதற்குள் அலுத்துவிடும். நான் சொல்லும் துடைதுணி 2,000 கண்ணிக்குள் முடிந்துவிடும்.

பருத்தி நூல், 4.5 மி.மீ. ஊசி. 4 கண்ணி போட்டு ஒரு வரிசை நிட். அதன்பின் ஒவ்வொரு வரிசையும் இப்படி: 2 நிட், நூலை ஒருமுறை ஊசிமேல் சுற்றிக்கொள்ளுங்கள், மீதி எல்லாம் நிட். வரிசைக்கு ஒரு கண்ணி கூடும், ஓரத்தில் சின்னச் சின்னத் துளை வரிசையாக விழும். 44 கண்ணி ஆனதும் குறைக்க ஆரம்பியுங்கள்: 1 நிட், இரண்டைச் சேர்த்து ஒரு நிட், நூல் சுற்று, மறுபடி இரண்டைச் சேர்த்து ஒரு நிட், மீதி நிட். 4 மிஞ்சும்போது அவிழாதபடி ஓரத்தை முடித்து மூடிவிடலாம். மூலையில் தொடங்கி எதிர்மூலையில் முடியும் சதுரம் இது. பக்கம் 17, 18 செ.மீ. வரும். பர்ல் எங்கேயும் வராது. நான் சமையல்மேடை துடைப்பது இதில்தான்.

இதில் எனக்குப் பிடித்தது என்னவென்றால், கண்ணி கூடுவதுதான் இங்கே வேலையே. உங்கள் கைக்கு ஏற்கெனவே பழக்கம்!

கம்பளிப்பித்து:

ஊசிநுனி அக்கா சொன்ன முதல் கண்ணி விஷயம் நூற்றுக்கு நூறு சரி. ஆனால் பருத்தியில் ஆரம்பிக்கச் சொல்வதை ஒப்புக்கொள்ள மாட்டேன். பருத்தி நெகிழாது. புதிதாகப் பின்னுபவர்கள் ஊசியை இறுக்கித்தானே பிடிப்பார்கள், அரைமணி நேரத்தில் கட்டைவிரல் வலிக்கும். கம்பளி கொஞ்சம் இழுத்தால் இழுபடும், கண்ணி ஒன்று பெரிது ஒன்று சிறிதாக வந்தாலும் ஒருமுறை நனைத்து விரித்துக் காயவைத்தால் பெரும்பாலும் சமமாகிவிடும். வெந்நீரில் போட்டு அலசிவிடாதீர்கள், சுருங்கிக் கெட்டியாகிவிடும்.

என் யோசனை, விரலில்லாத கையுறை. கையுறை என்றதும் பயப்பட வேண்டாம், இரண்டு செவ்வகம், அவ்வளவுதான். உங்கள் 5 மி.மீ. ஊசியே போதும். 30 கண்ணி போட்டு எல்லா வரிசையும் நிட். உள்ளங்கையைச் சுற்றி லேசாக இழுத்துப் பிடித்தால் இரண்டு முனையும் தொடுகிற அளவு வந்ததும் மூடிவிடுங்கள். மடித்து, ஆரம்ப ஓரத்தையும் கடைசி ஓரத்தையும் சேர்த்துத் தையுங்கள். மேலிருந்து 4 செ.மீ. தைத்து, கட்டைவிரலுக்கு 4 செ.மீ. விட்டு, மீதியைத் தைக்க வேண்டும். மூடும்போது மட்டும் ஒரு அளவு பெரிய ஊசி எடுத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் அந்த ஓரம் கயிறுபோல இறுகிவிடும்.

இரண்டாவது கைக்கு வரிசை எண்ணிக்கையைக் குறித்து வையுங்கள். நான் குறிக்கவில்லை. இடது கை வலதைவிட இரண்டு விரல் அகலம், இன்றைக்கும் அதைத்தான் போடுகிறேன்.

நூல்மிச்சம்:

ஒன்றே ஒன்று. துடைதுணி நன்றாக வந்ததும் அதையே இரட்டையாகத் தைத்துச் சூடான பாத்திரம் பிடிக்கலாமே என்று தோன்றும். பருத்தி அல்லது கம்பளி என்றால் சரி. அக்ரிலிக் நூலில் மட்டும் செய்யாதீர்கள், சூட்டில் உருகும். என்னுடையது வாணலிக் காதில் பச்சையாக ஒட்டிக்கொண்டது, சுரண்டிச் சுரண்டி எடுத்தேன்.

பாதிமப்ளர்:

அக்கா, முதல் கண்ணிதான்! நூலைக் கீழே இழுத்ததும் அந்த ரெண்டு காலும் ஒண்ணாச்சு, நான் பார்த்துக்கிட்டே இருந்தேன். இத்தனை நாள் ஊசிக்கு மேலாலதான் தூக்கிக்கிட்டு இருந்திருக்கேன்.

பருத்தியிலேயே துடைதுணி போட்டேன் (கட்டைவிரல் வலிச்சது, கம்பளிப்பித்து சொன்னது பொய்யில்லை). 44 வரைக்கும் அழகா வந்தது. ஆனா குறைக்க ஆரம்பிச்சதும் சட்டுனு முடிஞ்சு போச்சு. சதுரமா வரலை, பட்டம் மாதிரி ஒரு பாதி நீளம், ஒரு பாதி குட்டை. குட்டைப் பக்கத்துல துளையும் இல்லை. எங்கே விட்டேன்?

ஊசிநுனி:

துளை இல்லை என்று சொன்னதிலேயே பதில் இருக்கிறது. இரண்டு முறை சேர்த்துப் பின்னுகிறோம் இல்லையா, அதற்கு நடுவில் நூலைச் சுற்ற மறந்திருக்கிறீர்கள். சுற்றினால் வரிசைக்கு ஒன்று குறையும், சுற்றாவிட்டால் இரண்டு. அதனால்தான் பாதி வரிசையிலேயே முடிந்துவிட்டது. நீளப் பாதியைத் தொட வேண்டாம், குட்டைப் பாதியை மட்டும் 44 கண்ணி வரும்வரை பிரித்து ஊசியில் ஏற்றுங்கள்.

பாதிமப்ளர்:

பிரிக்க மாட்டேன் அக்கா. காலையிலேயே அதால மேசை துடைச்சாச்சு. அடுத்ததுக்கு 4 கண்ணி போட்டுட்டேன்.