ஜமைக்கா தோட்டத்து இழப்பீடு யாருக்குப் போனது? எங்கே தேடுவது?

கடலோரம்:
அடிமை முறையை ஒழித்தபோது பிரிட்டன் கொடுத்த 2 கோடி பவுண்டும் உடைமையாளர்களுக்கே போனது. விடுதலையான சுமார் 8 லட்சம் பேருக்கு ஒரு காசும் இல்லை. ஜமைக்காவில் ஒரு தோட்டத்தின் பெயரும் அது இருந்த பாரிஷும் (மாவட்டம் போன்ற நிர்வாகப் பிரிவு) கையில் உள்ளன. பணம் வாங்கியவர் யார், அங்கே உழைத்தவர்களின் பெயர் கிடைக்குமா?

ஏடுதேடி:
லண்டன் யுனிவர்சிட்டி காலேஜின் 'லெகசீஸ் ஆஃப் பிரிட்டிஷ் ஸ்லேவரி' தளத்தில் இலவசமாகத் தேடலாம். தோட்டப் பெயரோடு பாரிஷையும் கொடுங்கள். ஒரே பெயரில் பல தோட்டங்கள் இருந்தன. கிடைக்கும் கோரிக்கை எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். மூல ஆவணம் லண்டனின் கியூ (Kew) பகுதியில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில், டி 71 (T 71) வரிசையில் இருக்கிறது.

பலர் தவறுவது ஒரே இடத்தில்தான். கோரியவர் எல்லாரும் பணம் வாங்கியவர் அல்ல. தோட்டம் அடமானத்தில் இருந்தால் கடன் கொடுத்த லண்டன் வணிகர் எதிர்க்கோரிக்கை போட்டுப் பணத்தை வாங்கியிருப்பார். வாங்கியவர் சிலர் வெறும் டிரஸ்டிகள். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே என்ன பங்கு எழுதியிருக்கிறது என்று பாருங்கள்.

மலைப்பாதை:
தொகையைத் தலைக்கணக்கால் வகுத்து 'ஓர் ஆளின் விலை' என்று எழுதிவிடாதீர்கள். வயல் வேலைக்காரர், கைவினைஞர், வீட்டு வேலைக்காரர், 6 வயதுக்குக் குறைந்த குழந்தைகள் என்று வகை வகையாக வேறு வேறு விகிதம். காலனிக்குக் காலனியும் மாறும்: சராசரியாக ஜமைக்காவில் சுமார் 20 பவுண்டு, பிரிட்டிஷ் கயானாவில் 50க்கு மேல்.

பணத்துக்கு மேல் உழைப்பும் போனது. 1834 ஆகஸ்ட் 1க்குப் பிறகும் 'பயிற்சிக்காலம்' என்ற பெயரில் வாரம் 45 மணி நேரம் வரை கூலியில்லாமல் வேலை வாங்கினார்கள். 1838இல்தான் அது முடிந்தது. ஈடு கணக்கிடும்போது பலர் இதை விட்டுவிடுகிறார்கள். விடக்கூடாது.

ஏடுதேடி:
உழைத்தவர்களின் பெயருக்கு இழப்பீட்டு ஏடு உதவாது, அதில் எண்ணிக்கைதான். அதே டி 71இல் உள்ள அடிமைப் பதிவேடுகளைப் பாருங்கள். ஜமைக்காவில் 1817 பதிவேடுதான் முழுப் பட்டியல்: பெயர், வயது, நிறம், ஆப்பிரிக்காவில் பிறந்தவரா, தீவில் பிறந்தவரா. 1820 முதல் 3 ஆண்டுக்கு ஒருமுறை வந்தவற்றில் பிறப்பு, இறப்பு போன்ற மாற்றங்கள் மட்டும். அதனால் 1832 பதிவேட்டில் பெயர் இல்லை என்றால் ஆள் இல்லை என்று முடிவு கட்டாதீர்கள். பட்டியல் உடைமையாளர் பெயரில் இருக்கும். குடும்பப் பெயரை வைத்துத் தேடினால் பெரும்பாலும் கிடைக்காது.

கடலோரம்:
நன்றி. 190 ஆண்டுப் பழைய கணக்கு என்று தள்ளுபவர்களுக்கு என்ன சொல்வது?

மலைப்பாதை:
அந்தப் பணத்துக்காக 1835இல் வாங்கிய 1.5 கோடி பவுண்டு கடனின் மிச்சத்தை பிரிட்டன் அடைத்து முடித்தது 2015இல். பிரிட்டனில் வேலை செய்து வரி கட்டிய ஜமைக்கா, பார்படாஸ் குடும்பங்களின் பணமும் அதில் சேர்ந்திருக்கிறது. தம் முன்னோரை உடைமையாக வைத்திருந்தவர்களுக்காக அவர்களே கட்டியிருக்கிறார்கள்! கேரிகாம் என்ற கரீபியக் கூட்டமைப்பின் நாடுகள் 2014இல் ஏற்ற 10 அம்சத் திட்டம் கேட்பதும் வெறும் ரொக்கம் அல்ல: முறையான மன்னிப்பு, பொது சுகாதாரம், எழுத்தறிவு, கடன் ரத்து.

நமக்கும் இதில் தொடர்பு உண்டு. கயானாவிலும் ஜமைக்காவிலும் 2,508 பேருக்காக 1 லட்சம் பவுண்டுக்கு மேல் வாங்கிய ஜான் கிளாட்ஸ்டன்தான் 1838இல் கல்கத்தாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளைக் கயானாவுக்கு இறக்க ஏற்பாடு செய்தவர். பிறகு சென்னைத் துறைமுகத்திலிருந்தும் கப்பல்கள் போயின. அவர் பெயரைத் தளத்தில் போட்டுப் பாருங்கள், கோரிக்கை வாரியாக வரும்.