குதிரைக்கு மணல் தளமா, செயற்கைத் தளமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். முட்டுக்காடு பக்கம் சின்னதாக ஒரு லாயம் வைத்திருக்கிறேன். கிண்டியில் ஓடி ஓய்வுபெற்ற என் குதிரை, வயது 9, இரண்டு மாதமாக இடது முன்காலை ஊன்றத் தயங்குகிறான். முழங்காலுக்குக் கீழே பின்புறம் கை வைத்தால் சூடு தெரிகிறது, லேசான வீக்கமும் இருக்கிறது. ஸ்கேன் பார்த்த டாக்டர், தசைநாண் இழுபட்டிருக்கிறது, ஆழமான மணலும் காரணமாக இருக்கலாம் என்றார். பாவம், புல்தரையிலேயே ஓடிப் பழகியவன்.

அவனை ஓட்டும் தளம் 60க்கு 20 மீட்டர், ஆற்று மணல். ஐப்பசி மழையில் ஓரமெல்லாம் தண்ணீர் தேங்கும். சித்திரையில் குளம்பு முழுசாகப் புதையும். தினமும் தண்ணீர் தெளித்தேன், பலகை கட்டி இழுத்துச் சமப்படுத்தினேன், சுற்றிலும் வாய்க்கால் வெட்டினேன். எம்-சாண்ட் கலந்தேன், அது இறுகிக் கல்லாகிவிட்டது. அதை அள்ளிக் கொட்டவே ஒரு வாரம் ஆனது.

அப்புறம்தான் மெழுகு பூசிய மணலில் நாரும் ரப்பரும் கலந்த செயற்கைத் தளம் பற்றி யோசித்தேன். ஆனால் பயமாக இருக்கிறது. கலிஃபோர்னியாவின் சாண்டா அனிட்டா பந்தயத் திடலில் 2008இல் அப்படிப்பட்ட தளத்தில் மழைநீர் வடியாமல் பந்தயங்களே ரத்தாயின. 2010இல் மண் தளத்துக்கே திரும்பிவிட்டார்கள். துபாய் மெய்தான் பந்தயத் திடலிலும் 2010இல் போட்ட டபீட்டா என்ற இதே வகைச் செயற்கைத் தளத்தை 2014இல் எடுத்துவிட்டு மண் போட்டார்கள். வெயிலில் மெழுகு வேறு இளகும்.

சென்னையிலோ சுற்றுவட்டாரத்திலோ இந்தச் செயற்கைத் தளம் போட்டு, ஒரு கோடையும் ஒரு மழைக்காலமும் தாங்கியதை நேரில் பார்த்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?